சம்பந்தி வீட்டுச் சோறு

மதினி,

இன்றைக்குக் காலையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண், அடுப்படி ஆணியில் தொங்கிய உங்கள் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையல் வகுப்புக்கு வருகிறவர்கள் எதையும் கேட்பதில்லை. காசு கொடுத்து வந்திருக்கிறோம், கண்ணில் படுவதெல்லாம் நமக்குத்தான் என்று ஒரு நினைப்பு. நெஞ்சில் 'பொண்ணு வீடு' என்று அச்சடித்த அந்தத் துணி அவள் உயரத்துக்கு இடுப்போடு நின்றுவிட்டது. தமிழ் தெரியாத பிள்ளை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். நன்றாக இருக்கிறதே என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மஞ்சள் கறை அதில் அப்படியே இருக்கிறது. கருவாட்டு வாடையும் இருக்கிறது. துவைத்துவிடலாம் என்று எடுப்பேன். மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிடுவேன். இன்று அந்த வாடை அடுப்படிக்குள் அங்கும் இங்கும் நடமாடிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எண்ணெயைக் கூடக் கொஞ்சம் காயவிட்டுக் கடுகைக் கருக்கிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "அடுப்புகிட்ட எதுக்கு மதினி கோவத்தக் காட்டுறீக, அது என்ன செஞ்சிச்சு" என்று கேட்டிருப்பீர்கள். கேட்க இப்போது யார் இருக்கிறார்கள்? வந்தவர்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கவிதாவை என் பிரபுவுக்குக் கட்டிய நாளில் நாம் சம்பந்தி ஆனோம். ஊரில் சம்பந்திகள் நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போனதும் குறை சொல்வார்கள். நாமும் அப்படித்தான் இருந்திருப்போம். நம் இரண்டு பேரையும் ஒரே அடுப்படியில் கொண்டுவந்து தள்ளியது கவிதாதான். மதுரையில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வேலை பார்த்தாள். இப்போதெல்லாம் கோயில் பார்க்க வருகிறவர்களைவிடச் சாப்பிட்டுப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் என்று சொன்னாள். காலையில் விருதுநகர் பஜாரில் வத்தல், மல்லி, பருப்புக் கடைகளைச் சுற்றிக் காட்டுவது, மத்தியானம் ஒரு வீட்டில் உள்ளூர்ச் சமையலைக் கற்றுக்கொடுத்து உட்காரவைத்துப் போடுவது, சாயங்காலம் எண்ணெய்ப் பரோட்டாக் கடை. அந்த ஒரு வீடு நம் வீடாக இருக்கட்டும் அத்தை என்றாள். என் வீட்டுக்காரர் போன பிறகு அம்மாம் பெரிய வீட்டில் நான் ஒருத்தி பல்லியோடு பேசிக்கொண்டு கிடந்தேன். சரி என்றேன்.

எங்கம்மாவும் வருவாக என்று அவள் சொன்னபோது மட்டும் எனக்கு முகம் சுருங்கியது. இப்போது சொல்லுவதற்கென்ன. நீங்கள் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து இறங்கினீர்கள். கண்டக்டர் பின்சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான் என்று வாசலிலேயே சிரித்தீர்கள். சம்பந்தி சம்பந்தி என்று கூப்பிட்டால் கோர்ட்டில் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது, மதினி என்றே கூப்பிடுகிறேன் என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள்.

கவிதா ஏப்ரன் இரண்டு அடித்துக் கொடுத்தாள். எனக்கு 'மாப்பிள்ளை வீடு', உங்களுக்கு 'பொண்ணு வீடு'. வகுப்பே அதுதான். நான் ஒரு குழம்பு, நீங்கள் ஒரு குழம்பு. வந்தவர்களில் பாதிப்பேர் என் பக்கம், பாதிப்பேர் உங்கள் பக்கம் நின்று அரைத்துத் தாளித்துக் கற்றுக்கொள்வார்கள். கடைசியில் எது நன்றாக இருக்கிறதென்று கையைத் தூக்க வேண்டும். என் கோழிக் குழம்புக்கு உங்கள் கருவாடு எந்தக் காலத்திலும் ஈடாகாது. வெளியூர்க்காரர்கள் அதை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தொடுவார்கள். ஆனால் அந்த மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு ஒன்று வைப்பீர்களே, கம்மஞ்சோற்றுக்கு, அதில்தான் என்னைக் கவிழ்த்துவிடுவீர்கள். "மாப்பிள்ள வீட்டுக்காரக தோத்தா நல்லா இருக்குமா, ஒண்ணு ரெண்டு கையி அங்கனயும் தூக்குங்க" என்று அவர்களைக் கெஞ்சவும் செய்வீர்கள். அதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம்.

உங்கள் வகுப்பில் பாத்திரத்தைத் தரையில் யாரும் இழுக்கக் கூடாது. "இழுக்காதீக, தூக்குங்க." வந்தவர்கள் தரை கீறிவிடும் என்பதற்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த கை உங்களுடையது. உரசினாலே உங்களுக்கு உடம்பு கூசும். உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி இன்னும் அங்கேதான் போர்மேன். ஆனால் அதைப் பற்றி வந்தவர்களிடம் நீங்கள் பேசியதில்லை. சிவகாசி என்றதும் மத்தாப்பு மலிவாகக் கிடைக்குமா என்று எவனாவது ஒருத்தன் கேட்பான். "சோத்தப் பத்திக் கேளுங்க" என்று முடித்துவிடுவீர்கள்.

பிள்ளைகள் பிரிந்தார்கள். யார்மேல் தப்பு என்று நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஒத்துவரவில்லை என்றார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், அத்துவிட்டாயிற்று. சீர் கொடுத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்துப்போக உங்கள் பக்கத்து ஆட்கள் லோடு ஆட்டோ கொண்டுவந்தார்கள். நம் வகுப்புக்கு என்று புழங்கியதெல்லாம் அந்தப் பாத்திரங்கள்தானே. அண்டா, சருவச்சட்டி, கரண்டி வரைக்கும் ஏறின. அடியில் பிடித்திருந்த கரியைத் தேய்க்கக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வரவில்லை. வராததே நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வாரக் கடைசிக்கு ஒரு கூட்டம் ஏற்கெனவே பதிவு செய்திருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டு, இனிமேல் வகுப்பு கிடையாது என்று சொல்லத்தான் இருந்தேன். கவிதாவும் வேலையை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். உங்களுக்கு நான் போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது? சனிக்கிழமை காலையில் வாசல் கேட் சத்தம் கேட்டது. நீங்கள்தான். கையில் அந்தச் சருவச்சட்டி. உள்ளே கருவாட்டுப் பொட்டலம்.

"பிள்ளைக ரெண்டு பேருந்தான் அத்துக்கிட்டாக. வாரவுகளுக்குப் பசிக்குமா இல்லையா?" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனீர்கள். ஆணியில் இருந்த ஏப்ரனை எடுத்துக் கட்டினீர்கள். நான் திகைத்துப்போய் நின்றேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியாது.

அதற்குப் பிறகு அந்தச் சருவச்சட்டி வாராவாரம் உங்களோடு பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்பிப் போயிற்று. இங்கேயே இருக்கட்டுமே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "திருப்பி எடுத்த சாமான் இங்கன இருந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும் மதினி" என்றீர்கள். கம்பெனிக்காரர்கள் நம்மை இன்னும் 'சம்பந்திகள்' என்றுதான் அறிமுகம் செய்தார்கள். மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. வந்தவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். நான் வாயைத் திறக்குமுன் "நல்லா இருக்காக" என்பீர்கள். பொய் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக நன்றாகத்தான் இருந்தார்கள். நாம்தான் என்ன உறவென்று தெரியாமல் நின்றோம்.

சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு அது விளங்கியது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். அது அவர்களுக்கு ஒரு வேடிக்கை. நீங்களும் இலைமுன் உட்காருவீர்கள். சோற்றைப் பிசைவீர்கள். அதைக் கேட்பீர்கள், இதைச் சொல்வீர்கள், எழுந்து போய் ஒருத்தருக்குக் குழம்பு ஊற்றிவிட்டு வந்து மறுபடியும் பிசைவீர்கள். ஒரு வாய் போடமாட்டீர்கள். எல்லாரும் எழுந்ததும் இலையை மூடிவிடுவீர்கள். அத்துவிட்ட வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சமைக்கலாம், பரிமாறலாம், சிரிக்கலாம். சாப்பிட்டால் உறவு உண்டு என்று ஆகிவிடும். வந்தவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது பசிக்குமே என்று நான் ஒரு பழத்தைக் கையில் திணிப்பேன். அதையும் வாங்கமாட்டீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது மதினி. மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் மகள் என் மகனைப் பிடிக்கவில்லை என்று போய்விட்டாள். நீங்கள் என் சோற்றைப் பிடிக்கவில்லை என்று மூடிவைக்கிறீர்கள். அப்படியானால் எதற்கு வாராவாரம் வந்து என் அடுப்பை ஊத வேண்டும்? சாப்பிடாத கையால் இங்கே சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் பல நாள் நினைத்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் மறுவாரம் வரமாட்டீர்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அந்தப் போன் வந்த நாள். சென்னையிலிருந்து ஒரு கூட்டம் பட்டாலைக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது என்று உங்கள் தெருக்காரர் ஒருவர் சொன்னார். அன்றைக்கு அண்ணாச்சி அந்தப் பக்கம்தான் ஏதோ வேலையாகப் போயிருந்தார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது; அடித்தால் வீட்டில் இருக்கும் அவர் போன்தான் அடிக்கும். நீங்கள் அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். பட்டாலையில் ஒரு பையன் இன்னும் கொஞ்சம் கொழம்பு என்று கேட்டான். நான்தான் போய் ஊற்றினேன். சிரித்த முகமாகத்தான் ஊற்றினேன்.

வெகுநேரம் கழித்து யாரோ ஒருவர் போனிலிருந்து அண்ணாச்சியே கூப்பிட்டார். "நான் இருக்கேன். சாப்ட்டியா" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. போன் உங்கள் மடியில் கிடந்தது. நான் சோற்றைப் பிசைந்து எடுத்து உங்கள் வாய்க்கு நேரே நீட்டினேன். யோசித்துச் செய்ததில்லை. வாயைத் திறந்தீர்கள். இரண்டாம் உருண்டையும் வாங்கினீர்கள். மூன்றாவதற்குத் தட்டையே பிடுங்கி நீங்களே அள்ளிச் சாப்பிட்டீர்கள். பசி அப்படிப் பசித்திருக்கிறது.

அன்றைக்குச் செத்தவர்கள் வேறு வீட்டுக்காரர்கள். அது நமக்குத் தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டோம். தட்டைக் கழுவும்போது, "நமக்கு இல்லன்னு தின்னுட்டோம் மதினி. அங்கன எந்தப் பிள்ளக்கித் தாயில்லையோ" என்று அழுதீர்கள். நானும் அழுதேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இந்த வீட்டில் சாப்பிட்டீர்கள். அதைப் பற்றியும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டில் அதற்கு நல்ல பேரில்லை என்று எனக்குத் தெரியும். "அத்துப்போன எடத்துல போயி என்னத்துக்கு அடுப்பூதுற" என்று அண்ணாச்சி கேட்பதை நீங்களே அவரைப்போலக் குரலை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவீர்கள். பிரபுவும் என்னிடம், ஊர் சிரிக்கிறதும்மா என்றான். சிரிக்கட்டும், வாய் வலித்தால் மூடிக்கொள்வார்கள் என்றேன்.

தீபாவளிச் சீசன் நேரம். காலையில் பால் வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று கவிதாதான் போனில் சொன்னாள். பிரிந்துபோன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "அத்தை" என்றாள்.

நான் உலையை வைத்தேன். எழவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது. இருக்கிறவர்களுக்குச் சம்பந்தி வீட்டிலிருந்துதான் சோறு போக வேண்டும். உங்கள் மகனுக்குச் சாத்தூரில் பெண் எடுத்திருக்கிறீர்கள், அவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் முறை. எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சோறு வடித்தேன். துக்கத்துக்குப் போகிற குழம்பு என்பதால் மஞ்சள் போடவில்லை, தாளிக்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தேன். ரோடு நெடுக லோடு லாரிகள். திருத்தங்கலைத் தாண்ட முடியவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று ஆட்டோக்காரப் பையனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பார்த்துவிட்டேன். வாயில் வெற்றிலை வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தீர்கள்.

உங்களை எடுத்துப்போன பிறகு, எல்லாரும் குளித்து வந்ததும் நான் ஆட்டோவிலிருந்து பாத்திரத்தை இறக்கினேன். அண்ணாச்சியின் அண்ணன் வாசலிலேயே வந்து நின்றார். நல்ல மனுசர்தான். குரலை உயர்த்தவில்லை.

"தாயி, தப்பா எடுத்துக்கிடாதீக. சாத்தூர்ல இருந்து சோறு வந்துருச்சு. உங்க முறை முடிஞ்சுபோச்சுல்ல. இத வாங்கினா நாளைக்கு அவுக கேப்பாக."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றேன். தெரியும் என்று சொன்னேனே ஒழியக் கை பாத்திரத்தை விடவில்லை. பந்தலில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. கவிதா எழுந்திருக்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் பாத்திரத்தை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றத் திரும்பினேன்.

"அண்ணே, எனக்கு அந்தச் சோத்தப் போடச் சொல்லு."

உங்கள் வீட்டுக்காரர்தான். ஈரத் துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அவரே எழுந்து வந்து ஒரு தட்டை என் முன்னால் நீட்டினார். போட்டேன். அங்கேயே வாசலில் நின்றபடி நாலு வாய் சாப்பிட்டார். "வாராவாரம் ராத்திரி வந்து, அங்கன இன்னது தின்னேன் இன்னது தின்னேன்னு சொல்லுவா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. மிச்சச் சோறு தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வாங்க என்று என்னை யாரும் சொல்லவில்லை. நான் கிளம்பிவிட்டேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதே, நல்லவேளை. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வகுப்பை நான் தனியாக நடத்துகிறேன். கையைத் தூக்கச் சொல்ல ஆள் இல்லை, ஒரு குழம்புதான். அந்த மொச்சைக் குழம்பை நானே வைத்துப் பார்த்தேன், வரவில்லை. வகுப்புக்கு வந்து உங்களிடம் கற்றுப்போன முகம் தெரியாத யாரோ ஒருத்தி எந்த ஊரிலோ அதைச் சரியாக வைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு வகுப்பெடுக்க உங்களுக்கு நேரமில்லாமல் போயிற்று.

மாதத்தில் ஒரு நாள் தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போகிறேன். உங்கள் மருமகள் சாத்தூர்க்காரியாகையால் வாசலோடு சரி. அண்ணாச்சி வந்து வாங்கிக்கொள்வார். போன தடவை வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் என்னதான் செய்வார்.

அன்றைக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"எங்கன, சொந்தக்காரக வீட்டுக்கா?"

"சம்பந்தி வீட்டுக்கு."

"பேரன் பேத்தி எத்தன?"

"இல்ல."

"மருமக உங்ககூடதான் இருக்காளா?"

"இல்ல. அத்துவிட்டாச்சு."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சம்பந்தியம்மா?"

"அவுகளும் இல்ல."

"பெறகு யாருக்கு இம்புட்டுச் சோத்தத் தூக்கிட்டு அலையுதீக?"

சம்பந்தி வீட்டுக்குத்தான் என்று மறுபடியும் சொன்னேன். கிறுக்கச்சி என்று நினைத்திருப்பாள். நம் பிள்ளைகள் சேர்ந்து வாழ்ந்த காலத்தைவிட நாம் சேர்ந்து சமைத்த காலம் கூட, மதினி. அதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்ல?